சலீம் சார் கேட்டு வாங்கிய மாத்திரை அட்டை

"சலீம் சார் தவறிட்டாங்க டீச்சர். குளியலறையில விழுந்துட்டாங்களாம், தலையில அடியாம்" என்று தலைமையாசிரியர் போனில் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பயம்தான் வந்தது. ஐயோ, என் மாத்திரையாலா?

ஆலங்குடியில் எங்கள் பள்ளியில் அவர் அறிவியல், நான் தமிழ். ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவர் மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது எனக்கு வலிப்பு வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட மறந்திருந்தேன். கண் விழித்ததும் கையைத்தான் பார்த்தேன். சின்ன வயதில் வலிப்பு வந்து விழும்போதெல்லாம் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார்கள். "சாவி பூட்டுக்குத்தான் டீச்சர். ஒங்களை ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன், அவ்வளவுதான்" என்றார். "யார்ட்டயும் சொல்லிடாதீங்க சார், பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறோம்" என்று கெஞ்சினேன். "எனக்கு மறதி ஜாஸ்திங்க" என்றார். கடைசிவரை அந்த மறதி மாறவே இல்லை.

பிறகு கரும்பலகையில் அவர் எழுத்து சிறுத்துக்கொண்டே வந்தது. "சார், தெரியலை" என்று கடைசி பெஞ்சு கத்தும். "அப்ப முன்னாடி வாங்க, எனக்கும் தொண்டை மிச்சம்" என்பார். புதுக்கோட்டையில் பார்த்து நடுக்குவாதம் என்றார்கள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு செய்தித்தாள் துண்டை என் முன்னால் வைத்தார். வலிப்புக்குக் கொடுக்கும் ஒரு மருந்து, நடுக்குவாதத்தில் அழியும் நரம்புச் செல்களைக் காப்பாற்றக்கூடும் என்று ஆய்வுக்கூடத்தில் தெரிகிறதாம். மனிதர்களிடம் இன்னும் உறுதியாகவில்லையாம். பெயரைப் பார்த்தேன். நான் தினமும் விழுங்குவதேதான்.

"நடுக்கத்தைக் குறைக்க மாத்திரை இருக்கு டீச்சர். செல்லு சாகுறத நிறுத்தத்தான் ஒண்ணுமில்ல. ஒரு அட்டை குடுங்க."

"சார், இன்னும் உறுதியாகலைன்னு போட்டிருக்கே?"

"உறுதியாகுற வரைக்கும் இது காத்திருக்குமா?" என்று கையை நீட்டினார். சோதிக்காமல் எதையும் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொன்ன மனிதர். அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. என் ரகசியத்தைக் காத்தவரிடம் எப்படி இல்லை என்பது? கொடுத்துவிட்டேன்.

அன்றோடு என் நிம்மதி போனது. அந்த மருந்து தலைசுற்ற வைக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவர் மாடிப்படி ஏறினால் பின்னாலேயே நானும் ஏறுவேன். "சாப்டீங்களா சார்?" என்று தினமும் கேட்டேன். மாத்திரையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இறந்த செய்தி கேட்டு அவர் வீட்டுக்குப் போனவள் உட்காரக்கூட இல்லை. "அக்கா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா எழுந்துபோய் ஒரு அட்டையைக் கொண்டுவந்தார். பத்து மாத்திரையும் அப்படியே இருந்தன.

"டாக்டர்ட்ட கேட்டாக. இஷ்டத்துக்குப் போடக் கூடாதுன்னுட்டாராம். திருப்பிக் குடுங்கன்னேன், கேக்கலை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போற சட்டைப் பையிலயே வச்சிருந்தாக. அன்னைக்குத் தரை ஈரம்மா, காலு நகரலை. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அட்டையில் ரப்பர் பேண்டு போட்டு ஒரு சீட்டு. எறும்பு போல எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்: "தமிழ் டீச்சருக்கு. மறந்துவிட்டால் கொடுக்க." அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

அட்டையை அக்காவிடமே கொடுத்துவிட்டேன். சீட்டு மட்டும் என் கைப்பையில் இருக்கிறது. அந்தச் சட்டைப்பை இனி என் பக்கத்து நாற்காலியில் இருக்காது. ஆகவே சாரை அறிந்த உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு இன்னும் வரன் அமையவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். எனக்கு வலிப்பு உண்டு. நான் விழுந்தால் சாவி தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சலீம் சார் அப்படித்தான் செய்தார்.