பூனை ஸ்டிக்கர் ஒட்டிய கீசர்

அல்சூரில் எங்கள் வீட்டுக் கீசரில் ஒருநாள் வெந்நீர் வரவில்லை. பத்து வருடமாக எங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் குமார் அண்ணாதான். அவர் வந்தால் முதலில் காபி, பிறகுதான் வேலை.

கீசரைத் திறந்து பார்த்தவர், "போர்வெல் தண்ணி, டேங்க் உள்ளயே அரிச்சுப் போச்சும்மா. புதுசு போட்டுருங்க" என்றார். மறுபேச்சில்லாமல் ஒன்பதாயிரம் கொடுத்தேன். பழையதைக் குப்பையில் போடுவதாகச் சொல்லி அவரே தூக்கிக்கொண்டு போனார்.

போன மாதம் பக்கத்துத் தெரு சரோஜா அக்கா வீட்டுக் குளியலறையில் கை கழுவிவிட்டு நிமிர்ந்தேன். என் மகள் ஒட்டிய பூனை ஸ்டிக்கரோடு எங்கள் பழைய கீசர்.

"செகண்ட்ஹேண்டுதான். குமார் மூவாயிரத்துக்குக் குடுத்தாரு. உள்ள தண்ணி சூடாக்குற காயில் மட்டும் மாத்தினாராம், தண்ணி நல்லா கொதிக்குது" என்றார் அக்கா. அவருக்குக் குமாரை அறிமுகப்படுத்தியதே நான்தான்.

குமாரிடம் போனில் கேட்டேன். "காயில் மட்டும் மாத்தினா போதுமான்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா" என்றார், கொஞ்சமும் பதறாமல்.

இப்போதெல்லாம் ரிப்பேருக்கு யார் வந்தாலும், எது கெட்டது என்று கழற்றிக் காட்டச் சொல்கிறேன். இன்னொருவரிடமும் காட்டாமல் பழைய பொருளை வீட்டை விட்டு அனுப்புவதில்லை. காபி கொடுக்கிறேன். அண்ணா என்று மட்டும் யாரையும் கூப்பிடுவதில்லை.