ரசமட்டம் வைத்துப் பார்த்த சப்பாத்து

றொசல்ல ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்ற அந்த மேசனுக்கு என்னைவிட வயது குறைவு. காதில் பென்சில், நகமெல்லாம் சிமெந்து. பெஞ்சில் கையடக்க ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, அதன் ஒரு காலுக்கடியில் கல்லைச் செருகி மட்டமாக்கிய பிறகுதான் உட்கார்ந்தார்.

என் மடியில் ஹட்டன் நடைபாதையில் வாங்கிய புதுச் சப்பாத்து. அடுத்த மாதம் ரோட்டில் ஓட்டப்போட்டி. எனக்கோ குதிகால் வலி. சப்பாத்து மெத்தென்றுதான் இருந்தது, ஆனால் குதிப்பக்கம் உயரமே இல்லை. ஃபெக்டரியில் கழித்துப் போட்டது என்று கூட்டாளிகள் சிரித்ததில் கலங்கிப்போயிருந்தேன்.

"குடுங்கண்ணே, பார்ப்போம்" என்று வாங்கி, பெஞ்சில் வைத்து, உள்ளே ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது. மற்றதிலும் அப்படியே.

"ஒன்னு தப்பலாம். ரெண்டும் ஒரே மாதிரியா தப்பும்? வேணும்னேதான் சமமட்டமா செஞ்சிருக்காங்க. தேயிலக் கொழுந்து எடுக்குற எங்க வீட்டம்மா வெறுங்கால்ல மலை ஏறுது, அதுக்குக் குதிய ஒசத்தி யாரு வச்சா? மெதுவா பழகுங்க."

பழகினேன். முதலில் கெண்டைக்கால் இறுகியது. பிறகு குதிவலி போன இடம் தெரியவில்லை. போட்டியில் முழுத் தூரமும் ஓடிவிட்டேன்.

அன்று ரயில் ஏறுமுன் ஒற்றைக் கண்ணை மூடி என்னையும் அளந்தார். "சப்பாத்து சரிண்ணே. ஒங்க வலது தோள்தான் சாய்வு."

இன்றும் ஓடும்போது அந்தத் தோளை ஒருமுறை தூக்கி வைத்துக்கொள்கிறேன்.