பெட்டி விழுங்கிய நாலு சொல்

கம்ப்யூட்டர் முன் உட்காரும் முன் என் கணவர் அந்தப் பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. பதினாறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். அச்சகம் கழித்துப் போட்ட பெட்டிக்கு லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு உயிர் கொடுத்தார். எல்லாம் தங்கைக்காக. என் நாத்தனாருக்குக் கண் தெரியாது. அவளுடைய கல்லூரிப் பாடங்களை இவர் சாயங்காலம் வாசித்துப் பதிவு செய்வார். அவள் கேட்டுப் படிப்பாள்.

கடைசித் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது பதிவில் சொற்கள் காணாமல் போயின.

"அண்ணா, உன் வாசிப்பு கல்லு பொறுக்காத சோறு. நடுவுல நறுக்குனு கடிக்குது," என்றாள்.

மைக்கை மாற்றினார், வயரை மாற்றினார். பிறகு உள்ளறையில் இருந்த என் தையல் மிஷினைப் பார்த்தார்.

"உன் மோட்டார்தான் கரண்டை இழுக்குது. நான் வாசிக்கிறப்ப தைக்காதே."

நிறுத்தினேன். அப்போதும் சொற்கள் போயின.

"அண்ணியை நிறுத்தியாச்சு. அடுத்து பக்கத்து வீட்டு மிக்ஸியா?" என்றாள் நாத்தனார்.

கையால் பொத்தான் தைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெட்டிக்குள் கரகரவென்று சத்தம் வரும்போதெல்லாம் அதன் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. விளக்கு எரிந்தபோது அவர் வாசித்த சொற்களை வெட்டுத்துணியில் சாக்பீஸால் எழுதினேன். நாலு சொல். மறுநாள் நாத்தனாருக்கு மட்டும் அதைப் படித்துச் சொன்னேன். அவள் பதிவைப் போட்டுக் கேட்டாள்.

"அண்ணா, இங்க வா. அண்ணி எழுதி வச்ச நாலுந்தான் விட்டுப்போயிருக்கு."

அவர் துணியை வாங்கிப் பார்த்தார். "அந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சப்ப நீங்க வாசிச்சது," என்றேன்.

"டிஸ்க்தான்," என்றார்.

ஹார்ட் டிஸ்க்கில் எழுதும்போது பெட்டியின் மூளையே ஒவ்வொரு கவளமாக ஊட்டிக்கொண்டிருந்ததாம். அந்த நேரம் குரலைக் கேட்க அதற்குக் காது இல்லை. டிஎம்ஏ என்ற ஒன்றை இயக்கிவிட்டால் டிஸ்க் தானே அள்ளிக்கொள்ளுமாம். அதற்கான கட்டளையை ஒரு வரி அடித்தார். அன்றைய பதிவில் ஒரு சொல்லும் குறையவில்லை.

"நீ தை," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அணைத்துப் போட்டால் பெட்டி அதை மறந்துவிடும். தானாக ஓடும்படி எழுதிவிடலாம் என்றார். வேண்டாம், நான் அடிக்கிறேன் என்றேன்.

நாத்தனார் தேறிவிட்டாள், பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். அவர் இப்போது வேறு இரண்டு பெண்களுக்கு வாசிக்கிறார். அதே பெட்டிதான். அவர் கைவைத்துப் பார்த்ததும் நான் அந்த வரியை அடித்துவிட்டு உள்ளே போய்த் தைக்கிறேன். பதிவில் என் மிஷின் சத்தம் லேசாகக் கேட்கும். யாரும் குறை சொன்னதில்லை.