கட்டிக் கணக்கம்மாவும் எங்கள் கழுத்துகளும்

எங்கள் அடுக்குமாடியில் என் நாத்தனாருக்குக் கட்டிக் கணக்கம்மா என்று பெயர். வைத்த புண்ணியவதி நான்தான். கடைசியில் என் மகள் கழுத்தைக் காப்பாற்ற அவரிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று.

அவர் நகரப் புற்றுநோய்ப் பதிவகத்தில் முப்பது வருடமாக எழுத்தர். துணிப்பையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவார். பரிசோதனைக்கூடப் பதிவேட்டைப் புரட்டி, புற்றுநோய் என்று வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் நிரப்புவார்: வயது, விலாசம், எந்த உறுப்பு, கட்டி எவ்வளவு பெரிசு, எப்படித் தெரியவந்தது. அப்புறம் மாநகராட்சிக்குப் போய் இறப்புப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்பார். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. வாயைத் திறந்தால் யாருக்காவது கட்டிதான் என்று நான் கிண்டலடித்ததற்குக் கணக்கே இல்லை. அப்போது எனக்குக் கிண்டலடிக்கக் குரல் இருந்தது. நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற டீச்சர் குரல்.

போன வருடம் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு ஞானோதயம் வந்தது. ஓய்வுபெற்ற அதிகாரி, உத்தரவு போட ஆளில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்த மனிதர். ஒரு தனியார் ஆஸ்பத்திரியைப் பிடித்து, கீழ்த்தள மண்டபத்தில் இலவசக் கழுத்து ஸ்கேன் முகாம் நடத்தினார். இலவசம் என்றால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? வலியும் இல்லை, வீக்கமும் இல்லை, இருநூறு பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். நான் பக்கத்து வீட்டுக்காரியை இடித்துத் தள்ளிவிட்டு முந்தி நின்றேன். வெட்கக்கேடு.

பதினோரு பேருக்குத் தைராய்டு புற்றுநோய் என்று வந்தது. அதில் நான் ஒருத்தி. ஆறு மில்லிமீட்டர்.

நாத்தனார் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதை உடனே வெட்டத்தான் வேண்டும் என்பதில்லை, அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்து வரலாம் என்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள், இன்னொருவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புற்றுநோயை உள்ளே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கச் சொல்கிறாரே, கல்நெஞ்சுக்காரி என்று கணவரிடம் பொருமினேன். பத்தாம் நாள் ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிட்டேன்.

சுரப்பியோடு குரலும் போயிற்று. நரம்பு அடிபட்டுவிட்டதாம், சிலருக்கு அப்படி ஆகுமாம். இப்போது பேசினால் தகரத்தை உரசுவது போலிருக்கும். பள்ளியில் என்னை நூலகத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆயுள் முழுக்கத் தினமும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. என் கணவரோ புற்றுநோயை ஜெயித்தவள் என்று என்னை லிஃப்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் பதிவக அறிக்கை பத்திரிகையில் வந்தது. நகரத்தில் தைராய்டு புற்றுநோய் பத்து வருடத்தில் மூன்று மடங்கு. செயலாளர் அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டி, இரண்டாவது முகாம் என்று அறிவித்தார். இந்தத் தடவை பதினைந்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கும் உண்டாம். பட்டியலில் முதல் பெயர் எங்கள் மகளுடையது. பதினேழு வயது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கணவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

நேராகப் பதிவகத்துக்குப் போனேன். நாத்தனார் இரண்டு பதிவேடுகளைத் திறந்துவைத்தார்.

"வருஷத்துக்கு நாப்பதா இருந்தது நூத்திமுப்பது ஆயிடுச்சு. ஆனா இதுல செத்தவங்க பத்து வருஷமா வருஷத்துக்கு ரெண்டு பேர், மூணு பேர்தான். நோய் நெஜமாவே இப்படிப் பெருகியிருந்தா சாவும் கொஞ்சமாவது ஏறியிருக்கணும்ல? கழுத்துல கட்டி கைக்குத் தட்டுப்பட்டா, குரல் மாறினா, உடனே ஓடணும். சும்மா இருக்கறவங்க கழுத்தைத் துழாவினா ஏதாவது ஒண்ணு கெடைக்கத்தான் செய்யும்."

என் படிவத்தை எடுத்துக் காட்டினார். எப்படித் தெரியவந்தது என்ற கட்டத்தில், முகாம் என்று எழுதியிருந்தது.

"கூடின கணக்குல ஒண்ணு நீ" என்றார். குத்திக்காட்டவில்லை, கணக்கைத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது.

சங்கக் கூட்டத்துக்கு அவரையும் மகளையும் அழைத்துப் போனேன். செயலாளர் பத்திரிகைச் செய்தியை ஏற்ற இறக்கத்தோடு வாசித்து முடித்ததும் நாத்தனார் எழுந்து, அந்த நூற்றுமுப்பதில் பதினொன்று இந்தக் கட்டடம், பதினொன்றும் உங்கள் முகாமில் அகப்பட்டவை, எழுதியவள் நான் என்றார். சாவு ஏறாத கதையையும் சொன்னார்.

செயலாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? நம்ம கட்டடத்துல மட்டும் பதினொண்ணு!"

கைதட்டினார்கள். ஒருவர் தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்பட்டார், ஒருவர் செல்போன் கோபுரத்தை. பட்டியல் இரண்டாவது தாளுக்குப் போயிற்று. அறிவுகெட்ட கூட்டம். போன வருடமாக இருந்தால் முதல் கைதட்டல் என்னுடையதாக இருந்திருக்கும்.

நான் மேடைக்குப் போய்ப் பேனாவை வாங்கி மகள் பெயரை அடித்தேன். பெற்ற தாய் செய்கிற காரியமா இது என்று செயலாளர் கேட்டார். மைக்கைப் பிடித்து வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டேன்.

"எனக்குக் கழுத்துல ஒண்ணுமே தெரியல. இங்க வந்து தேடினதுலதான் குரல் போச்சு. எம்பொண்ணோடது அவகிட்டயே இருக்கட்டும்."

பின்வரிசையிலிருந்து, என்ன சொல்றாங்க, கேக்கலையே என்று சத்தம் வந்தது. என் மகள் எழுந்து நின்று, நான் சொன்னதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னாள். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்டது.