சைலன்ஸ் கேட்ட சின்னத் துரை

போன வாரம் ஒரு நாள் காலை, நான் முழுசாக இருபது நிமிடம் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்... என் வீட்டுக்காரர் இன்னும் நம்பவில்லை.

கேமரன் மலையில் அண்ணன் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்த அன்று சாயங்காலம் தோட்டத்து மண்டபத்தில் மீட்டிங். கூட்டியவர் அசிஸ்டன்ட் மேனேஜர். நம்ம ஆள்தான், முப்பது வயதிருக்கும், கேஎல்லில், அதாவது கோலாலம்பூரில், படித்தவர். இருந்தாலும் தோட்டத்தில் அவர் இன்றைக்கும் ‘சின்னத் துரை’தான்.

விஷயம் இதுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் தோட்டத்து வேனை அந்த வாரத்தோடு நிறுத்தப் போகிறார்களாம். நிறுத்தினால் நாலாம் ஆண்டு படிக்கும் என் அண்ணன் மகள் யாழினி, நாலு கிலோமீட்டர் வளைவு ரோட்டில் நடக்க வேண்டும். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரிகள் விரட்டிக்கொண்டு வரும் ரோடு. ஓரத்தில் ஒதுங்க இடம் கிடையாது. கொண்டுபோய் விடலாமென்றால், அந்த நேரத்தில் அண்ணனும் அண்ணியும் கொழுந்து மலையில் இருப்பார்கள்.

அண்ணி சரோஜா எழுந்தார். “வேன் இல்லன்னா பிள்ளைங்க எப்படிங்க துரை போவும்?”

சின்னத் துரை அழகாகச் சிரித்தார். “குட் கொஸ்டின். லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்.”

அண்ணி உட்காரவில்லை. மறுபடியும் கேட்டார். “பாயிண்ட் நோட்டட்” என்றார். மூன்றாம் முறை கேட்டதற்கு, “இத இப்போதைக்கு பார்க் பண்ணி வைப்போம்க்கா” என்றார். பின்வரிசையில் முணுமுணுப்பு கிளம்பியது. உடனே கையை உயர்த்தி, “சைலன்ஸ் ப்ளீஸ்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயை அடைக்க ஆங்கிலத்தில்தான் எத்தனை ஏற்பாடு! ‘ஷட் அப்’ பரவாயில்லை, நேர்மையான வார்த்தை. திட்டினான் என்று தெரியும், திருப்பித் திட்டலாம். ‘ஜிப் இட்’ என்றால் வாய்க்கு ஜிப் வைத்துத் தைத்துவிடுகிறார்கள். ‘ஹோல்ட் யுவர் டங்’ — நாக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். எந்தக் கையால்? ‘புட் எ சாக் இன் இட்’ என்று ஒன்று இருக்கிறது... வாய்க்குள் காலுறையாம். துவைத்ததா, துவைக்காததா என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் ‘அப்புறம் தனியாகப் பேசலாம்’ என்று நழுவும் இந்த ‘ஆஃப்லைன்’, ‘நோட்டட்’ வகையறா இருக்கிறதே, அதுதான் மோசம். வாயையும் மூடிவிட்டு, தேங்க் யூ வேறு சொல்ல வைத்துவிடும். தோட்டத்தில் ஒருவரை ஒருவர் “டியாம்லா” என்று அதட்டிக்கொள்வார்கள். ‘வாயை மூடு’ என்பதற்கு மலாய்க்காரர் வார்த்தை, ரெண்டே நொடியில் வேலை முடிந்தது. அடுத்த நிமிடம் சேர்ந்து தேநீர் குடிப்பார்கள்.

வீட்டுக்கு வந்த அண்ணி அழுவார் என்று நினைத்தேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

“துரை கேட்டத குடுத்துற வேண்டியதுதான்.”

“அவர் என்ன கேட்டார்?”

“சைலன்ஸ் கேட்டாருல்ல? நாளைக்கு பெரட்டுல குடுப்போம்.”

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு முன்னால் ஆள் கூப்பிடுவது. ஆபீஸ் வாசலில் எல்லோரும் வரிசையாக நிற்க, கிராணி என்கிற கணக்குப்பிள்ளை ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் வாசிப்பார். “இருக்கேன்” என்று குரல் வந்தால்தான் டிக். ஆள் கண்ணெதிரே மலை மாதிரி நின்றாலும் சரி, குரல் வராவிட்டால் ஆள் இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அன்றிரவு அண்ணி வீடு வீடாகப் போய்வந்தார். மறுநாள் காலை. பனி. நான் வேடிக்கை பார்க்க ஆபீஸ் தூண் ஓரமாக நின்றேன்.

“சரோஜா” என்றார் கிராணி.

அண்ணி அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அவ்வளவுதான்.

“சரோஜா... ஏன்மா, முன்னாலதான நிக்கிற?”

புன்னகை.

“முனியாண்டி.” சத்தமில்லை. “பார்வதி.” ம்ஹூம். “ரஃபீக்.” வங்காளதேசத்து ரஃபீக் பாய்க்குத் தமிழில் நன்றாக வருவதே அந்த “இருக்கேன்” ஒன்றுதான். அதையும் அன்றைக்கு விழுங்கிவிட்டு, வானத்தைப் பார்த்தார். பிள்ளை குட்டியெல்லாம் ஊரில் இருக்கும் மனிதர். இவருக்கு என்ன வேன்? எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அறுபது பெயர். ஒரு டிக் இல்லை. கிராணி பேனாவை உதறிப் பார்த்தார், பேனாமேல் தப்பு என்பதுபோல. எனக்கோ வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்குகிறது. சால்வையை வாயில் திணித்துக்கொண்டேன். அப்போதுதான் அண்ணியின் கையைப் பார்த்தேன். கூடை வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். மொத்தப் பேருக்கும் ஆப்சென்ட் போட்டுக் கூலியை வெட்டிவிட்டால்? சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

சின்னத் துரை வெளியே வந்தார். “என்ன, இன்னிக்கி இவ்ளோ அமைதி?”

அறுபது பேரும் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

“பேசுங்கலா. என்ன பிரச்சனை?”

லோரி எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஃபேக்டரியிலிருந்து போன் வந்தது, கொழுந்து எப்போது வரும் என்று. பேசிவிட்டு வைத்தார். மறுபடி வந்தது. இந்த முறை பெரிய துரை போலிருக்கிறது... மனிதர் நேராக நிமிர்ந்து நின்று பேசினார். ஆளில்லை என்று சொல்ல முடியாது. ஆள் இருக்கிறது என்றால், ரிஜிஸ்டரில் இல்லை.

“வேன் விஷயமாக்கா?” என்றார் அண்ணியிடம், மெதுவாக.

புன்னகை.

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சரி. வேன் ஓடும். இந்த வருஷம் முழுக்க ஓடும். போதுமா?”

கிராணி அந்த நொடிக்காகவே காத்திருந்தார். “சரோஜா!”

“இருக்கேன்” என்றார் அண்ணி. “அத ஒரு லெட்டர்ல எழுதி சைன் வச்சுக் குடுத்துருங்க துரை.”

பிறகு வந்தது பாருங்கள் சத்தம். அறுபது பேரும் ஒரே நேரத்தில் “இருக்கேன்”. கிராணிக்கு யாருக்கு டிக் போடுவதென்றே புரியவில்லை. ரஃபீக் பாய் மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது வேன் புறப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே பதினைந்து பிள்ளைகள், யாழினி தலைமையில் காட்டுக்கூச்சல். “இதை எப்படிண்ணே தாங்குறீங்க?” என்று டிரைவரிடம் கேட்டேன்.

“கத்தட்டும்லா. இதுங்க நடந்து போனா இப்படிக் கத்துமா?”