ராத்தாவின் நெஞ்சுக்குள் ஒரு தையல்

போன வாரம் கொழும்பில் ஓர் இதய டொக்டரை என் ராத்தா குறுக்கு விசாரணை செய்தார். நம்புவீர்களா?

ராத்தா என் மூத்த சகோதரி. பெயர் ஜெமீலா, வயது எழுபத்திரண்டு. எங்கள் ஊர் சாய்ந்தமருதில் பாதிப் பெண்களின் சட்டைகள் அவர் தைத்தவை. சுனாமியில் மச்சான் போய், வீடு போய், தையல் மெசினும் போய்... நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் இரவல் மெசினில் உட்கார்ந்துவிட்டவர்.

அப்படிப்பட்ட மனுஷி, இப்போது குசினி அடுப்பிலிருந்து கிணற்றடிக்குப் போவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிடுகிறார். இதயத்தின் வால்வு ஒன்று சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம். நெஞ்சைத் திறந்து மாற்றலாம். ஆனால் அவர் உடம்பு தாங்காது. மாற்றாமல் விட்டால்? எங்கள் ஊர் டொக்டர் கொழும்புக்குக் கடிதம் எழுதித் தந்தார்.

யுத்தம் முடிந்து பாதையும் திறந்ததுதானே... கொழும்புக்குக் கூட்டிப் போனேன்.

அங்கேதான் அதிசயம்! நெஞ்சைத் தொடவே மாட்டார்களாம். தொடையின் இரத்தக் குழாய் வழியாகப் புது வால்வை மடித்து அனுப்பி, பழையதுக்குள்ளேயே விரித்துவிடுவார்களாம்.

ராத்தா அசையவில்லை. நான்காம் நாள் டொக்டரிடமே கேட்டார்.

“அது என்னத்தில செஞ்ச? பன்றியெண்டா எனக்கு வேணாம். உசிர் போய் மௌத்தானாலும் பரவாயில்ல.”

டொக்டர் சிரித்தபடி மேசை லாச்சியிலிருந்து மாதிரி வால்வு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெருவிரல் பருமன். கம்பி வலை, உள்ளே மூன்று இதழ்கள்.

“மாடு, அம்மா. மாட்டு இதயத்தச் சுத்தி இருக்கிற சவ்வு.”

ராத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். இதழ்களின் ஓரத்துத் தையலை நகத்தால் தடவிப் பார்த்தார்.

“மெசின் தையல் இல்லையே இது. ஆரு தைச்ச?”

“பெண்கள்தான் அம்மா. மைக்ரஸ்கோப்புக்குக் கீழ வச்சு, ஒவ்வொரு தையலாக் கையால தைக்கிறாங்க.”

“ஒரு தையல் பிழைச்சா?”

“அந்த வால்வே பெக்டரிய விட்டு வெளிய போகாது.”

“அப்ப சரி. போடுங்க!”

மூன்று நாளாக நாங்கள் கெஞ்சியும் இறங்காத மனுஷி!

ஒபரேஷன் அறைக்கு வெளியே யாசீன் ஓதினேன். ஓதியதையே திரும்ப ஓதினேன். கடைசியில் டொக்டர் வந்தார். முகத்தில் சிரிப்பு! வால்வுக்குள் வைத்து அனுப்பிய சிறு பலூனை ஊதியதும் அது பூப்போல விரிந்து, அடுத்த துடிப்பிலேயே வேலையைத் தொடங்கிவிட்டதாம்.

மறுநாள் தாதி பத்தடி நடக்கச் சொன்னார். ராத்தா வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பினார்.

“தம்பி, நெஞ்சில பாரமே இல்லடா. அல்ஹம்துலில்லாஹ்!”

அழுதேன். எழுத வெட்கமில்லை.

நாங்கள் எல்லோரும் அவருக்கு ‘பயப்படாதீங்க’ என்று மட்டும்தான் சொன்னோம். டொக்டர்தான் பொருளைக் கையில் கொடுத்துக் காட்டினார்.

வயதானவர்களுக்கு இதெல்லாம் விளங்காது என்று சொல்வது யார் தெரியுமா? விளங்கப்படுத்தாதவர்கள்தான்!