வலப்பக்கம் ஏறிய அவரைக்கொடி

சோமனூரில் ஒரு தறிப்பட்டறையில் நின்றுகொண்டிருந்தேன். பல்லடத்திலிருந்து போன் வந்ததென்று பட்டறைக்காரர் என் காதுக்குள் கத்தினார். தறிச் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை. இன்னொரு தடவை கத்தினார். மூன்றாவது தடவை கத்தவில்லை. போய் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டார். அத்தனை தறியும் நின்றது. "சபியா மௌத்தாயிட்டாங்களாமுங்க. காதர் பாய் சொன்னாரு" என்றார் மெதுவாக. ஓடுகிற தறியை எனக்காக நிறுத்தினார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். சபியாவுக்காகத்தான் நிறுத்தினார். அவர் இடுப்பில் இருந்ததும் சபியா பூப்போட்ட பெல்ட்.

என்னை அண்ணா என்று கூப்பிட்டவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குமேல் சொல்லித்தர அங்கே யாருக்கும் தெம்பில்லை. பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

பல்லடத்தில் அவர்கள் தோல் பட்டறையைத் தெரியாதவர்கள் உங்களில் குறைவு. புருஷன் காதர் தோலை அறுத்து பக்கிள் தைப்பார். சபியா பூ வரைந்து தோலில் எழுப்புவாள். மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் விற்றவன் நான். நான் இல்லாவிட்டால் அந்தப் பெல்ட்டுகள் தாராபுரத்தைத் தாண்டியிருக்காது. நான் இருந்ததால் ஜெர்மனி வரை போயின. இதைக் கேட்டால் சபியா சிரிப்பாள். "அண்ணா சொல்றதப் பாதியாக்கிக்கங்க, அதுலயும் பாதிய எனக்குக் குடுங்க" என்பது அவள் வழக்கமாகச் சொல்வது.

அவள் உடல் கிடந்த மய்யித் வீட்டு வாசலில் பெரிய மனிதர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். "கைகாரப் பொம்பளைங்க. வெளிநாட்டு கேட்லாக்கப் பார்த்து அச்சு அசலாப் போட்டுருவாங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. துக்க வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுசில் நான் வாயை மூடியது அன்று ஒரு நாள்தான். அந்தச் சண்டையை இப்போது இங்கே போடுகிறேன். சபியா கேட்லாக் பார்த்தவள் அல்ல. நான் சாட்சி.

கல்யாணத்துக்கு முன் அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் செக்சனில் இருந்தாள். அங்கிருந்து கொண்டுவந்த வழக்கம், மிச்சம் விழுந்த பேப்பரின் பின்பக்கத்தில் வரைவது. ஒரு கார்த்திகை மாதம் முழுக்க வேலியோரம் குந்தி அவரைக்கொடியை வரைந்தாள். காலையில் மொட்டு, மத்தியானம் பூ, நாலு நாள் கழித்துப் பிஞ்சு. காதர் என்னிடம் வந்து புலம்பினார். "பொரியலுக்கு நாலு காய் பறிக்க விடமாட்டேங்கறா. வரைஞ்சு முடியட்டும்கறா. காய் முத்தி வெதையாயிருச்சு."

வரைந்ததை ஈரத்துணியில் துடைத்த தோலின் மேல் வைத்துக் கோடிழுப்பாள். கத்தியால் மேலாகக் கீறுவாள். பிறகு, அரம் போட்டுத் தேய்த்த ஆணியை வைத்துத் தட்டுவாள். நான் ஒருநாள் உதவி செய்கிறேன் என்று சுத்தியலை எடுத்துப் பூவின் நடுவிலேயே ஒன்று போட்டேன். "பூவத் தட்டாதீங்கண்ணா. பூவச் சுத்தித் தட்டுங்க, அதுவா மேல வரும்" என்றாள். அந்தத் தோல் பாழ். அதையும் நான் விற்றுவிட்டேன் என்பது வேறு கதை.

பெல்ட்டுக்கு ஓட்டை போட்டால் பூ கெட்டுப்போகும். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான், பூவின் முகத்திலேயே துளை விழும். சபியா பெல்ட்டின் நுனிப்பக்கம் நீளமாக ஒரு அவரைக்காயை வரைந்தாள். விதை புடைத்து நிற்கும் இடங்களில் ஓட்டை. அஞ்சு விதை, அஞ்சு ஓட்டை. எந்த கேட்லாக்கில் ஐயா இது இருக்கிறது?

திருப்பூரில் ஒரு ஏஜெண்ட் இருந்தார். பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் நல்லவர்கள். ரோஜாப்பூ போட்ட வெளிநாட்டு பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "சேம்பிள்படி அடிச்சுக் குடுங்க. இந்த அவரக்காய எவன் இடுப்புல கட்டுவான்? கொழம்பா வெக்கறது?"

"நான் ரோசாச் செடி வெச்சதில்லீங்க. தெரியாத பூவ எப்படிப் போடறது?"

"அதான் சேம்பிள் இருக்குதே, பார்த்துப் போடுங்க."

"அதப் பார்த்துப் போட ஊரெல்லாம் ஆளிருக்குதுங்க" என்று பெல்ட்டைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தாள். போகும்போது அவரை பெல்ட் ஒன்றை விலை கொடுத்து வாங்கிக்கொண்டுதான் போனார். அதன் அர்த்தம் எங்களுக்கு அப்போது புரியவில்லை.

பெரிய ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று, பின்னல் கவுனோடு சேர்த்து அனுப்ப பெல்ட் கேட்டது. நான்தான் சபியாவின் பெல்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பிடித்துவிட்டது. மறுவாரம் ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். காதரும் சபியாவும் நானும் போனால், மேனேஜர் மேஜையில் இரண்டு பெல்ட், எதிரே அந்த ஏஜெண்ட். இரண்டிலும் அதே அவரை, அதே காய். அவருடையது மிஷினில் அச்சு வைத்து அழுத்தியது.

"இது என்னோட கேட்லாக் டிசைன். இந்தம்மா காப்பியடிச்சுட்டாங்க" என்றார்.

மேனேஜர் எங்களைத் திருடர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். "காப்பின்னு தெரிஞ்சா வெளிநாட்டுல வாங்கற பையர் மொத்தத்தையும் திருப்பிருவான். யாருதுன்னு எனக்கு இன்னிக்கே தெரியணும்" என்றார். ஆர்டர் போனால் போகட்டும். அவள் பெயர் திருட்டுப் பெயராகிவிட்டால் திருப்பூரில் ஒரு படி ஏற முடியாது. நான் மேஜையில் குத்தினேன், இங்கிலீஷில் பேசினேன், மேனேஜரே நடுங்கினார். பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

சபியா இரண்டு பெல்ட்டையும் தூக்கித் தொங்கவிட்டுப் பார்த்தாள். சிரித்தாள்.

"ஏனுங்க, கேட்ல வாட்ச்மேன் ரூமுக்குப் பின்னால அவரை போட்டிருக்குது. எல்லாரும் ஒருக்கா வர்றீங்களா?"

மேனேஜர், ஏஜெண்ட், பேக்கிங் பெண்கள் என்று ஒரு கூட்டமே வெயிலில் நடந்தது. ஊரே திரண்டது என்று நான் சொல்வேன்; இருபது பேர் இருக்கும். குச்சியைச் சுற்றி ஏறியிருந்த கொடியை அவள் விரலால் காட்டினாள். முன்பக்கம் தெரிகிற ஒவ்வொரு சுற்றும் கீழே இடதில் தொடங்கி மேலே வலதுக்கு ஏறியது. அவள் பெல்ட்டிலும் அப்படியே. ஏஜெண்ட் பெல்ட்டில் எல்லாச் சுற்றும் வலதிலிருந்து இடதுக்கு.

பொங்கலூர்ப் பக்கத்துப் பேக்கிங் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, அவரை எந்த ஊர்லீங்க இப்படி ஏறும்?"

"என் பெல்ட்டப் பார்த்து அப்படியே கட்டையில வெட்டியிருக்காங்க" என்றாள் சபியா. "அச்சுன்னா திருப்பி வெட்டோணும். ரப்பர் ஸ்டாம்பு செய்யறவங்களக் கேட்டாச் சொல்லுவாங்க. தோல்ல அழுத்துனதும் கொடி பக்கம் மாறிப்போச்சு. கொடியப் பார்த்து வரைஞ்சவங்களுக்கு இந்தத் தப்பு வராதுங்க."

மேனேஜர் கேட்லாக்கைக் கேட்டார். அது கோயமுத்தூர் ஆபீசில் இருக்கிறது என்றார் ஏஜெண்ட். இன்னும் அங்கேதான் இருக்கும்போல.

ஆர்டர் எங்களுக்கு வந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தால், மூன்றே மாதத்தில் பல்லடம் பஸ் ஸ்டாண்டில் ஏஜெண்டின் அவரை பெல்ட் தொங்குகிறது. இந்தத் தடவை கொடி சரியான பக்கம் ஏறியிருந்தது. நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தேன். "பாத்தியா அம்மிணி! நீயே அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்ட. தப்பத் திருத்தி வெச்சுட்டான்!"

அவள் தலையைத் தூக்கவில்லை. மடியில் பேப்பர். பருத்திப்பூ, ஒன்று விரிந்தது, பக்கத்தில் மறுநாள் சுருங்கியது.

"விக்கட்டுங்கண்ணா. அடுத்ததுக்கு அவரு என்ன பண்ணுவாரு? என் ஊட்டு வாசல்லதான் வந்து நிக்கோணும். நான் யார் வாசலுக்கும் போக வேண்டீதில்ல."

கடைசிவரை அப்படித்தான் இருந்தாள். ஒரு ரோஜா போட்டதில்லை.

எனக்கென்று அவள் போட்டுத் தந்த அவரை பெல்ட் ஒன்று இருக்கிறது. வாங்கியபோது பார்த்தேன், மற்றதைவிட நீளம். முதல் காய்க்கு அப்பால் இன்னொரு காய், அதில் ஓட்டை போடவில்லை. "இது எதுக்கு அம்மிணி?" என்றேன்.

"பேச்சு வளர்ற மாதிரி வயிறும் வளருமில்லீங்கண்ணா. அப்ப ஓட்டை தேடி எம்பூவைக் கெடுத்துருவீங்க."

இன்று அதைத்தான் கட்டியிருக்கிறேன். முதல் காய் முடிந்து, இரண்டாவது காயின் முதல் விதையில் ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறேன். இன்னும் நாலு விதை பாக்கி. உடம்பைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். குறைப்பதாக இல்லை, அவள் எனக்காக வரைந்த இடத்தை வீணாக்க மாட்டேன். கேட்லாக் என்று இனி யாராவது வாய் திறந்தால், அது கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் சரி, சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வேன்: வாங்க, வேலிக்குப் போலாம்.